சிதம்பரத்தின் கதை, சிவசாமியின் படம்

தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான நிலக்காரன் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் சிதம்பரம் போகிறான். அரிவாள் அதோடு நிற்கவில்லை. ஆள் செத்துப்போகிறான். பூமணியின் 'வெக்கை' (1982) தொடங்குவதே இந்தக் கொலையில்தான். மீதி நாவல் முழுக்க, பதினைந்து வயதுப் பையனும் அவன் அய்யாவும் கரிசல் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்கித் தின்கிறார்கள், செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்கள். போலீஸ் தேடுகிறது. ஆனாலும் பூமணிக்கு அவசரமே இல்லை. அந்த நிதானம்தான் படிக்கிறவனைச் சுடுகிறது.

வெற்றிமாறன் 2019இல் இதை 'அசுரன்' ஆக்கியபோது, கதையின் பாரத்தை மகனிடமிருந்து தகப்பனுக்கு மாற்றினார். தகப்பன் சிவசாமியாகத் தனுஷ் நடிக்கும் படத்தில் வேறென்ன செய்ய முடியும் என்பார்கள். அது பாதி உண்மைதான். நாவல் சாதியின் பெயரைச் சொல்லாமலே நகர்கிறது. படமோ தலித்துகளுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பேசுகிறது. செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதையும், 1968இல் தலித் கூலிகள் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை நினைவூட்டும்படி குடிசைகள் எரிவதையும் காட்டுகிறது. இவை தகப்பனின் இளமைக்கால முன்கதையாக வெற்றிமாறன் சேர்த்தவை. பஞ்சமி நிலம் என்ற பேச்சைக் கொட்டகைவரை கொண்டுவந்ததற்காகவே அவரைப் பாராட்டுவேன்.

ஆனால் அந்த முன்கதைக்குப் படம் கொடுத்த விலை அதிகம். அடங்கி ஒடுங்கி இருக்கும் ஆளுக்குள் ஒரு பயங்கரமான பழைய ஆள் இருப்பான் என்பது ரஜினியின் 'பாட்ஷா' காலத்துச் சூத்திரம். சிவசாமி ஆயுதம் எடுக்கும்போது கொட்டகை விசிலடிக்கிறது. அந்தச் சத்தத்தில் சிதம்பரம் காணாமல் போகிறான். சிதம்பரமாக வரும் கென் கருணாஸ் நன்றாகவே நடித்திருக்கிறார், குறை அவருடையதல்ல. ஒரு சின்னப் பையன் கொலை செய்துவிட்டு அதோடு எப்படிச் சாப்பிடுகிறான், எப்படித் தூங்குகிறான் என்பதுதான் பூமணியின் அக்கறை. படத்துக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

முடிவிலும் இதே கதைதான். நாவலில் தகப்பனும் மகனும் சரணடைய கோர்ட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவே. படத்தில் தகப்பன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, படிப்பை மட்டும் யாரும் பிடுங்க முடியாது என்று மகனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். நல்ல வார்த்தைதான், கைதட்டலும் நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பூமணியின் முடிவே பெரிது.

சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகள் 'அசுர'னுக்கு வந்தன. படம் பார்த்தவர்கள் 'வெக்கை'யையும் ஒருமுறை படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான்.