சுவருக்குள்ளே – 9: பாறை ஊரில் எர்த்

பழைய வீட்டின் கேசிங்கைப் பிரித்தால் பேஸ், நியூட்ரல் என்று இரண்டே ஒயர்தான் இருக்கும், எர்த்துக்கான பச்சை ஒயர் இருக்காது என்பது போன வாரக் கதை. இந்த வாரம் எந்தச் சுவரைக் கொத்தி எங்கே ஒயர் பைப் இறக்குவது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பச்சை ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கணக்குப் போட உட்கார்ந்ததில் அந்தப் பைப் கதை அப்படியே நின்றுவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சுவிட்ச் பிளேட்டின் நிறத்தைப் பார்க்கும் முன் எர்த்துக்கு வழி பார்க்க வேண்டும்; எர்த்தை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. என் கட்சி இதுதான்.

எர்த்துக்காக வழக்கமாக மண்ணில் புதைக்கிற இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை எடுத்துக்கொள்வோம். 100 ஓம்-மீட்டர் தன்தடை உள்ள, அதாவது ஓரளவு நல்ல மண்ணில், எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043-இன் சூத்திரப்படி அதன் தடை சுமார் 35 ஓம். கிரைண்டருக்குள் பேஸ் ஒயர் உரசி இரும்பு உடம்பில் படுகிறது. 230 வோல்ட்டை 35-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர். கரண்ட் மிகுந்தால் லைனை வெட்டும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, அசையவே அசையாது. மணிக்கு ஒன்றரை யூனிட் மண்ணுக்குள் போகும், மீட்டர் ஓடும், கிரைண்டரின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் நிற்கும். இது நல்ல மண்ணின் கதை. நைஸ், சார்னோக்கைட் என்று கடும் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் மாவட்டம் இது; பென்னாகரம், பாலக்கோடு பக்கம் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டியதுமே கடப்பாரை ‘ணங்’ என்று எகிறும் இடங்கள் உண்டு. தன்தடை 1000 ஆனால் அதே பைப் 350 ஓம் ஆகிவிடும். ஓடும் கரண்ட் முக்கால் ஆம்பியர்கூட இல்லை.

உப்பும் கரியும் கொட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு ஆகும், ஆனால் உப்பை மழை கரைத்துக்கொண்டு போகும், பைப்பையும் அது அரிக்கும். சித்திரை வெயிலில் குழி காய்ந்தால் தடை மறுபடி ஏறும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்தான், எத்தனை வீட்டில் ஊற்றுகிறார்கள்? அதனால்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டுமே பார்க்கும் கருவி அது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் லைனை வெட்டிவிடும். 350 ஓம் பைப்பில் கசிவது அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். மோசமான எர்த்தே அதற்குப் போதும்!

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது இதன் பிறப்புக் கதை. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் இத்தகைய கருவியை உருவாக்கினார். அது 250 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் வெட்டும். ஸ்டில்ஃபான்டைன் என்ற சுரங்கக் குடியிருப்பில் பழுதான வீட்டுச் சாதனங்களைத் தொட்டுப் பெண்கள் சிலர் இறந்தார்கள். 1957, 58-இல் அங்கே சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகளைப் பொருத்தினார்கள். பூமிக்கு அடியில் வேலை செய்த ஆண்களுக்காகப் பிறந்த கருவி, அடுப்படியில் நின்ற பெண்களின் சாவுக்குப் பிறகே வீட்டுக்குள் வந்தது.

“ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது, எலக்ட்ரீஷியன் டைரக்ட் கொடுத்துவிட்டார்” என்பது பெரிய ஆட்சேபம். பல வீடுகளில் குற்றம் கருவியுடையது அல்ல. இன்வெர்ட்டர் லைனுக்குப் பேஸைத் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து இரவல் வாங்கியிருப்பார்கள். ஒரு வழியில் போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் கருவிக்கு அதுவும் கசிவுதான். பூசிய சுவருக்குள் இந்தக் கலப்பைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கொத்திக்கிடக்கும் சுவரில் சர்க்யூட்டுக்கு ஒரு நியூட்ரல் இழுப்பதோ சில மீட்டர் ஒயர் செலவு. வேலையைப் பூச்சுக்கு முன்னால் முடிக்கச் சொல்வது அதனால்தான். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, எர்த் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எர்த் இல்லாவிட்டால், அது விழுவதற்கு யாராவது ஒருவர் அந்தக் கிரைண்டரைத் தொட்டாக வேண்டும்.

ஒயர் பைப்பின் பாதை அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எர்த் இருக்கிறதா என்பது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அது விழும்.