மலைநாட்டில் ஒரு சிறு கடல்

கடல் இல்லாத மாவட்டங்கள் நம்முடையவை. பாலக்காட்டிலிருந்து புறப்பட்டாலும் இடுக்கியிலிருந்து இறங்கினாலும், அலையைக் காண அடுத்த மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள்ளேயே கடல்நீர்த் தொட்டி வைத்து மீன் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் தங்கமீனும் கப்பியும் வளர்த்த பழக்கம் மட்டும் அதற்குப் போதாது.

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடிக்குள் காட்டும் கலை புதிதல்ல. 1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மக்கள் பார்வைக்கு மீன் கூடம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909-இல் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கடற்கரையில் இருந்தவர்களுக்கு நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நமக்கோ ஒவ்வொரு குடத்தையும் நாமே கடலாக்க வேண்டும்.

மூணாறில் இருக்கும் என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு மாணவி. "மாமா, எனக்கு இரண்டு கோமாளி மீனும் ஒரு கடல் குதிரையும் வேண்டும்" என்று கேட்டாள். அவளுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன். நம் சங்கக் குடும்பங்களில் ஆசைப்படும் பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள் அல்லவா?

முதலில் சட்டம்

கடல் குதிரை கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 2001-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கடைக்காரர் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்றாலும், அழகுக்கென்று பவளத் துண்டுகளை வாங்காதீர்கள். செயற்கைப் பாறையும் நுண்துளையுள்ள பீங்கான் வளையங்களும் போதும்.

கோமாளி மீனுக்குத் தடை இல்லை. மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்களில் இதை முட்டையிலிருந்தே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆகவே கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். அது தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியதாக இருக்கும், கடலுக்கும் நட்டமில்லை. கடல் சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் வாழும்.

தொட்டியும் உப்பும்

தொட்டி சிறிதானால் செலவு குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் விரைவில் மாறிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 180 லிட்டர் நிற்கும். நீரின் எடையே 180 கிலோ. கண்ணாடி, மணல், பாறை சேர்ந்தால் மேலும் கூடும். பழைய மரத்தட்டு வீடுகளில் இதை மாடியில் வைக்க வேண்டாம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அப்படியானால் 180 லிட்டருக்கு 6 கிலோ 300 கிராம். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலியன சேர்ந்த, மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். கலந்த பின் ஹைட்ரோமீட்டரில் 1.025 அளவு காட்ட வேண்டும். பாலக்காட்டின் கிழக்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஆகவே வடிகட்டிச் சுத்திகரித்த நீரே நல்லது.

தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கும். நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல நீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு நீரை அல்ல.

எந்த வீட்டில் வைப்பது?

மீனுக்கு 25 அல்லது 26 டிகிரி வெப்பம் வேண்டும். நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், அதற்கு மேல் குளிர்விக்கும் கருவி வேண்டும். அதன் விலையும் மின்கட்டணமும் அதிகம். மூணாறிலோ ஜனவரி இரவில் உறைபனி விழும். அங்கே தேவைப்படுவது சூடேற்றும் கருவி. அதன் விலை குறைவு. ஆகவே தொட்டி மூணாறுக்கே என்று தீர்மானித்தோம். ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும், சூடும் குறையும். மின்கலத்தில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்றும், தொட்டியைச் சுற்றப் பழைய கம்பளியும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஆறு வாரப் பொறுமை

நீர் தயாரானவுடன் மீனை விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவை பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனில்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வந்தால் அவற்றுக்கு உணவு கிடைக்கும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் ஜோடியை விட வேண்டும். பின்னர் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 லிட்டர் மாற்ற வேண்டும். அதற்கு 630 கிராம் உப்பு போதும். வெளியேற்றிய நீரைச் செடிகளின் வேரில் கொட்டிவிடாதீர்கள்.

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாகும். அது இறந்தால் மற்றது பெண்ணாக மாறும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் கல்லூரி முடித்து வேலைக்குப் போயிருப்பாள். அவள் விடுதிக்குப் போன பின் வாரந்தோறும் குடம் தூக்கப் போவது யார் என்று தங்கையிடம் கேட்டேன். சற்று யோசித்து, "நான்தான் அண்ணா" என்றாள். அதன் பிறகே தொட்டிக்கு அளவு கொடுத்தோம்.

ஆசைப்படும் அன்பர்களுக்கு என் தாழ்மையான யோசனை இதுதான்: கண்ணாடித் தொட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், பத்தாண்டு யார் பொறுப்பு என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.