டிரில் வேறு, இம்பாக்ட் டிரைவர் வேறு: பண்ணைக்குக் கார்டுலெஸ் கருவி வாங்கும் முன்…

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த வாரம், திண்டிவனம் - புதுச்சேரி சாலையை ஒட்டிய இரும்பையில் ஒரு விவசாயியின் கிடங்கைப் பார்க்கப் போயிருந்தேன். கூரைத் தகரம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஆனால் உள்ளே அடுக்கியிருந்த வேர்க்கடலை விதைக்காய் மூட்டைகளில் மேல் வரிசை நனைந்து, காயில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மார்கழிப் பட்டத்தில் இரண்டு ஏக்கர் விதைப்பதற்காக வைத்திருந்த காய்.

“காத்துக்குத் தகரம் அசையல சார். ஸ்க்ரூ போட்ட ஓட்டை வழியாத்தான் சொட்டுச்சு” என்றார்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பல ஸ்க்ரூக்களின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் நசுங்கிக் கிழிந்து வெளியே பிதுங்கியிருந்தது. சில இடங்களில் ஸ்க்ரூவைச் சுற்றித் தகரமே குழிந்து, குழியில் தண்ணீர் நின்றது. அந்தக் கூரையை ஆறு மாதத்துக்கு முன் அவரே போட்டிருந்தார். கூலி மிச்சம் என்று அப்போது நானும் பாராட்டினேன். அவர் பயன்படுத்திய கருவி இம்பாக்ட் டிரைவர். “கார்டுலெஸ் ஒண்ணு வாங்கிடுங்க, எல்லா வேலைக்கும் ஆகும்” என்று போகிற போக்கில் சொன்னவனும் நான்தான்.

ஒரு ரகத்தைப் பரிந்துரைக்கும் முன் மண் என்ன, பட்டம் என்ன, தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறோம். கருவி விஷயத்தில் நான் அப்படி எதையும் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

கடையில் ‘இம்பாக்ட்’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு கருவிகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்றும் பார்ப்பதற்குத் துப்பாக்கி போலத்தான் இருக்கும். முனையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

முதலாவது டிரில். முனையில் மூன்று தாடை கொண்ட சக் இருக்கும். 10 அல்லது 13 மில்லிமீட்டர் வரை உருண்டைத் தண்டுள்ள பிட்டைப் பிடிக்கும். சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச். வைத்த எண்ணுக்கு மேல் இறுக்கம் வந்தால் ‘கட கட’ என்று சத்தமிட்டுச் சுற்றுவதை நிறுத்திவிடும். வளையத்தில் சுத்தியல் படமும் இருந்தால் அது செங்கல் சுவரிலும் துளை போடும் டிரில். இதைத்தான் பல கடைகளில் ‘இம்பாக்ட் டிரில்’ என்கிறார்கள்.

இரண்டாவது இம்பாக்ட் டிரைவர். உடல் குட்டையாக இருக்கும். முனையில் சக் கிடையாது. கால் அங்குல அறுகோணத் துளை மட்டுமே உண்டு. ஸ்க்ரூ இறுகத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் சுத்தி, சுற்றும் திசையிலேயே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தட்டும். அதனால் நீளமான ஸ்க்ரூவும் கட்டையில் சுலபமாக இறங்கும், மணிக்கட்டும் முறுகாது. ஆனால் பெரும்பாலானவற்றில் கிளட்ச் கிடையாது. விசையை விடும்வரை இறுக்கிக்கொண்டே போகும்.

மூன்றாவது இம்பாக்ட் ரெஞ்ச். முனையில் அரை அங்குலச் சதுரத் தண்டு இருக்கும். சாக்கெட் மாட்டி நட், போல்ட் கழற்றுவதற்கானது.

இரும்பைக் கூரையில் நடந்தது இப்போது புரிந்திருக்கும். கிளட்ச் உள்ள கருவி செய்ய வேண்டிய வேலையை, கிளட்ச் இல்லாத கருவி செய்தது. கை பழகிய கூரை ஆட்கள் இம்பாக்ட் டிரைவரிலும் இதைச் செய்வார்கள். தட்டல் தொடங்கும் நொடியில் விரலை எடுத்துவிடுவார்கள். முதல் முறை பிடிப்பவருக்கு அந்த நொடி பிடிபடாது.

உங்கள் வேலைப் பட்டியல் என்ன?

கடைக்குப் போகும் முன், கடந்த ஒரு வருடத்தில் பண்ணையில் ஆள் கூப்பிட்டுச் செய்த சில்லறை வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

சொட்டுநீர்க் குழாயில் குரோமெட் பொருத்தத் துளை போடுவது, ஆங்கிள், பட்டை இரும்பில் துளையிடுவது, மோட்டார் கொட்டகைக் கதவுக்குக் கீல் மாட்டுவது, தகரத்துக்கு வாஷர் ஸ்க்ரூ போடுவது எல்லாம் டிரில் செய்யும் வேலைகள். பி.வி.சி. குழாயில் குறைந்த வேகத்தில், அழுத்தாமல் போடுங்கள். வேகம் கூடினால் துளை உருண்டையாக வராது, குரோமெட் கசியும்.

சவுக்குக் கழியில் நீள ஸ்க்ரூ இறக்குவது, ஆட்டுக் கொட்டகைக்குப் பரண் அடிப்பது, துருப்பிடித்த பழைய ஸ்க்ரூவைக் கழற்றுவது ஆகியவை இம்பாக்ட் டிரைவர் வேலைகள். சவுக்கு கடினமான மரம். ஸ்க்ரூவைவிடச் சற்று மெல்லிய பிட்டால் முதலில் துளை போடாவிட்டால் கழி பிளந்துவிடும். ஆகவே இங்கும் டிரில் தேவைப்படுகிறது.

ரோட்டவேட்டர் கத்தி, கலப்பைக் கொழு போல்ட் கழற்ற இவை இரண்டும் போதாது. சாதாரண இம்பாக்ட் டிரைவரின் முறுக்குவிசை பெரும்பாலும் 100 முதல் 180 நியூட்டன் மீட்டர் வரைதான். அதில் அடாப்டர் போட்டு சாக்கெட் மாட்டினால், பிடித்துப்போன போல்ட் அசையும் முன் அடாப்டர் உடைந்துவிடலாம். அதற்கு ரெஞ்ச் தேவை. சாக்கெட்டும் பளபளக்கும் சாதாரண வகையாக இருக்கக் கூடாது. கறுப்பு நிறத்தில் வரும் இம்பாக்ட் சாக்கெட் வேண்டும். கழற்ற மட்டும் இதைப் பயன்படுத்தி, மாட்டும்போது கடைசி இறுக்கத்தைக் கை ஸ்பேனரில் கொடுங்கள்.

கான்கிரீட் தளத்திலும் கருங்கல் வேலிக் கம்பத்திலும் துளை போடப் பேட்டரி டிரில்லை வருத்த வேண்டாம். அதற்கு ரோட்டரி ஹாம்மர் என்ற தனிக் கருவி இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

பட்டியலைப் பார்த்தால், சிறு விவசாயிக்கு முதல் தேவை கிளட்ச் உள்ள டிரில்தான் என்பது தெரியும். மர வேலை, கொட்டகை வேலை அதிகம் உள்ளவர்களுக்கு டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் சேர்ந்த செட் லாபம். ஒரு கருவிக்கு மட்டுமே பணம் இருந்தால் டிரில் வாங்குங்கள். ஸ்க்ரூ வேலையை டிரில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். டிரில் வேலையை இம்பாக்ட் டிரைவர் பார்க்காது.

பேட்டரியில்தான் பணம்

செட் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொரு நிறுவனக் கருவியில் ஏறாது. முதல் கருவி வாங்கும்போதே அடுத்த நான்கு கருவிகளுக்கான நிறுவனத்தையும் நீங்கள் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அதே பேட்டரியில் ஓடும் ரெஞ்ச், கிரைண்டர், கிளை வெட்டும் ரம்பம் கிடைக்கிறதா, அவை பேட்டரி இல்லாமல் தனி உடலாகவும் விற்கப்படுகின்றனவா என்று கேளுங்கள்.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. பெட்டியில் எந்த எண்ணை அச்சிடுவது என்பது விற்பனை உத்தி. 48, 88 என்று பெரிய எண் போட்டுச் சந்தையில் விற்கும் மலிவு செட்டுகளிலும் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பார்க்க வேண்டிய இன்னொரு எண் ஆம்பியர் ஹவர். வோல்ட்டை அதனால் பெருக்கினால் பேட்டரி கொள்ளும் மின்சாரம் தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72. பண்ணைக்கு ஒரு 4 வைத்திருப்பதைவிட இரண்டு 2 வைத்திருப்பது பல சமயம் நல்லது. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜ் ஏறும். தடித்த இரும்பில் அடிக்கடி துளை போடுபவருக்கு மட்டும் பெரிய பேட்டரி தேவை. ‘4’ என்று அச்சிட்டுக் கையில் காலி டப்பா போல எடையில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளது, பிரஷ் இல்லாதது என இரு வகை உண்டு. பிரஷ் இல்லாதது விலை கூடுதல். ஆனால் ஒரே சார்ஜில் அதிக வேலை செய்யும், தேய்ந்து மாற்ற பிரஷ்ஷும் இல்லை. தினமும் பயன்படுத்துபவர் அதை வாங்கலாம். மாதம் இரண்டு நாள் எடுப்பவருக்குப் பிரஷ் வகையே போதும்.

கடையில் ஐந்து சோதனை

ஒன்று, சக்கில் மெல்லிய நீளமான பிட் மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். நுனி வட்டமடித்தால் சக் கோணல். இரண்டு, விசையை மெல்ல அழுத்தினால் மெல்லவும், முழுதாக அழுத்தினால் வேகமாகவும் ஓட வேண்டும். மூன்று, கிளட்ச்சை 1-ல் வைத்து ஒரு ஸ்க்ரூ இறுக்குங்கள். சத்தமிட்டு நிற்க வேண்டும். நான்கு, இரண்டு கியரையும் பின்சுற்றையும் மாற்றிப் பாருங்கள். ஐந்து, திண்டிவனம், புதுச்சேரி, விழுப்புரம் என உங்களுக்குப் பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, உதிரிப் பேட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள். கருவியின் வரிசை எண் எழுதிய பில் வாங்காமல் வராதீர்கள்.

உப்புக் காற்றும் தகரக் கொட்டகையும்

வடக்கே மரக்காணம் உப்பளம், பக்கத்தில் கழுவெளி ஈரநிலம், கிழக்கே கடல். இந்தப் பகுதியின் காற்றில் கருவி துருப்பிடிப்பதற்கு மழைக்காலம் வர வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் கருவியைத் துடையுங்கள். சக் தாடையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, திறந்து மூடி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பேட்டரியின் செம்பு முனைகளை ஈரக்கையால் தொடாதீர்கள். மூடியுள்ள பெட்டியில், மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளும் பூட்டிய வண்டிக்குள்ளும் பேட்டரியை விடக் கூடாது. 40 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் போட்டால் லித்தியம் செல்லின் ஆயுள் குறையும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியையும் ஆறிய பிறகே சார்ஜில் போடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் மோட்டார் கொட்டகையைவிட வீட்டில் சார்ஜ் போடுவதே பாதுகாப்பு. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

உயிருக்கு முன் எதுவும் இல்லை

துளையிடும்போது கண்ணாடி அணியுங்கள். இம்பாக்ட் டிரைவரின் சத்தம் காதுக்குக் கெடுதல். காதடைப்பான் வேண்டும், பஞ்சு போதாது. சுற்றும் பிட் அருகே கையுறை, தோளில் துண்டு, தொங்கும் புடவைத் தலைப்பு கூடாது. இழுத்துச் சுற்றிவிடும். பெரிய பிட் இரும்பைத் துளைத்து வெளியேறும் நேரத்தில் சிக்கி, கருவி கையைத் திருகும். பக்கக் கைப்பிடி மாட்டி இரு கையாலும் பிடியுங்கள். பிட் மாற்றும்போது முன்-பின் பொத்தானை நடுவில் தள்ளினால் விசை பூட்டிக்கொள்ளும்.

கூரையைச் சரிசெய்தது எப்படி?

இரும்பை விவசாயி தன் இம்பாக்ட் டிரைவரின் பேட்டரியிலேயே ஓடும் டிரில் உடலை மட்டும் தனியாக வாங்கினார். வாஷர் கிழிந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதே துளையில் ஒரு சுற்றுத் தடித்த ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போட்டோம். முதலில் ஒரு துண்டுத் தகரத்தில் சோதித்துக் கிளட்ச் எண்ணை முடிவு செய்தோம். ரப்பர், மேலே உள்ள உலோக வளையத்தின் விளிம்புக்கு வெளியே மெல்லிய கோடாகத் தெரிந்தால் இறுக்கம் சரி. தெரியவே இல்லை என்றால் தளர்வு. பிதுங்கி வளைந்தால் அதிகம். கடற்காற்று படும் இடத்தில் மலிவான முலாம் பூசிய ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் வாங்கினோம். அதை மெதுவாகவே ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டில் மரை பிடித்துக்கொள்ளும்.

நனைந்த காயை விதைக்கு வைக்கவில்லை. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் நச்சு இருக்கலாம் என்பதால் எண்ணெய்க்கும் அனுப்பவில்லை, மாட்டுக்கும் போடவில்லை. கடன் வாங்கிப் புதிய விதை எடுத்தார். அந்தக் கடனில் என் பங்கும் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து, அல்லது உழவர் குழுவாக, ஒரே நிறுவனப் பேட்டரியில் ஒரு டிரில், ஒரு டிரைவர், ஒரு ரெஞ்ச் வாங்கச் சொல்லுங்கள். அடுத்த பயிற்சி நாளில் ஒரு துண்டுத் தகரமும் பத்து வாஷர் ஸ்க்ரூவும் எடுத்துப் போய், ஒவ்வொருவர் கையிலும் கருவியைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வாஷரைக் கிழித்துப் பார்த்தவர் அடுத்ததைக் கிழிக்க மாட்டார். அந்தத் தவறு பயிற்சித் தகரத்தோடு போகட்டும், விதைக் கிடங்கின் கூரையில் வேண்டாம்.