சுருட்டுக்குத் துணை எந்த ஒயின்?

பிரான்சின் போர்தோ பகுதியில் போயாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கபெர்னே சோவின்யோன் திராட்சையிலிருந்து செய்து, பல ஆண்டுகள் முதிரவிட்ட சிவப்பு ஒயினை முகர்ந்தவர்கள் அதன் மணத்தைச் 'சுருட்டுப் பெட்டி' என்று வர்ணிப்பது வழக்கம். அந்த ஒயினில் புகையிலை ஒரு துணுக்கும் கிடையாது. ஆனாலும் பெட்டியின் மூடியைத் திறந்ததும் எழுகிற மர வாசனை, காய்ந்த இலையின் வாசனை, அடியில் ஓடும் மெல்லிய இனிப்பு எல்லாமே அதில் இருக்கின்றன.

அந்தப் பெட்டியின் மரத்தை வணிகர்கள் ஸ்பானிஷ் செடார் என்பார்கள். அது ஸ்பெயினில் வளரும் மரமும் இல்லை, தேவதாருவும் இல்லை. கரீபியத் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் வளர்கிற அது, தாவரவியல்படி நம் வேம்பின் குடும்பம். ஒயினின் பக்கம் இருப்பது ஓக் மரம். பீப்பாய் செய்யும்போது உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அப்போது மரத்தின் லிக்னின் சிதைந்து, புகை மணம் தரும் குவாயகால், வெனிலா மணம் தரும் வெனிலின் போன்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. எரிகிற புகையிலையிலும் குவாயகால் பிறக்கிறது. ஆக, வாட்டிய பீப்பாயில் ஊறிய ஒயினுக்கும் சுருட்டுப் புகைக்கும் உள்ள உறவு வெறும் கற்பனை இல்லை. மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது.

மூக்குக்குப் பிடித்த இந்த உறவை நாக்கு அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. காரணம் தெரிய, காரமான சுருட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம். அதில் புவெல்டா அபாஹோ என்ற செம்மண் பகுதி சுருட்டுப் புகையிலைக்கு உலகப் புகழ் பெற்றது. ஒரே செடியில் விளைந்தாலும் எல்லா இலையும் ஒன்றில்லை. அடி இலை வோலாடோ. சுவை குறைவு, நன்றாக எரியும். நடு இலை செக்கோ, மணம் அதனுடையது. உச்சியில் வெயிலை நேராக வாங்கித் தடித்துப்போன இலைதான் லிஹெரோ. காரம் முழுவதும் அதில்தான் குவிந்திருக்கும்.

இந்தக் காரம் இலையில் பிறப்பதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நிக்கோட்டின் வேரில் உண்டாகி, சாறோடு மேலேறி இலையில் சேர்கிறது. மொட்டு விட்டதும் குடியானவர் நுனியைக் கிள்ளிவிடுகிறார். விதைக்குப் போக வேண்டிய சத்து இலைகளுக்குத் திரும்புகிறது. வேரும் நிக்கோட்டினைக் கூடுதலாக உண்டாக்கி அனுப்புகிறது. அறுத்த இலையைக் கொட்டகையில் வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தி, ஈரப்படுத்தி, வைக்கோற்போர் மாதிரி அடுக்கிவைக்கிறார்கள். போர் தானாகவே சூடேறி நொதிக்கும், அம்மோனியா வெளியேறும், கரகரப்பு அடங்கும். லிஹெரோவுக்குத்தான் மற்ற இலைகளைவிட நீண்ட நொதிப்பு.

சுற்றுபவர் லிஹெரோவை நடுவில் வைத்து, மற்ற இலைகளை அதைச் சூழ அமைத்து, ஒரு கட்டு இலையால் இறுக்கி, மேலே வழவழப்பான போர்வை இலையைச் சுற்றுகிறார். இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. 1865இல் ஹவானாவின் எல் பிகாரோ ஆலையில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து உரக்க வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் இப்படித்தான்: ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் சுற்றியபடியே கேட்பார்கள். 'சுருட்டு' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது.

இப்போது வாய்க்குள் வருவோம். சிகரெட் புகை சற்றே அமிலத்தன்மை கொண்டது. நிக்கோட்டின் உடலில் ஏற அதை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வேதியியல் சொல்லும் காரம் இது, மிளகாய்க் காரம் இல்லை. அந்த நிலையில் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் சுருட்டுப் பிடிப்பவர் புகையை வாயில் நிறுத்திவிட்டு ஊதிவிடுகிறார்.

ஒயினோ புளிப்பான பானம். நிக்கோட்டின் சூயிங்கம் மெல்பவர்களிடம், கூடவே காப்பி, பழச்சாறு குடிக்காதீர்கள் என்பார்கள். புளிப்பு சேர்ந்தால் நிக்கோட்டின் வாய்வழி ஏறுவது குறைந்துவிடும். ஒயின் மிடறும் வாயை அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

ஆனால் நாக்குக்குப் பெரிய சிக்கல் துவர்ப்பில் இருக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளவைக்கிறது. உமிழ்நீரின் வழுக்கல் போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. பாக்கை மென்றவர்களுக்கு இந்தச் சொரசொரப்பு பழகியதுதான். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணுகிறோம். உடலியலாளர்கள் பெரும்பாலும் தொடுவுணர்வோடு சேர்க்கிறார்கள். சுருட்டின் சூடான புகையும் வாயை உலர்த்தும். உலர்ந்த வாயில் துவர்ப்பான ஒயின் விழுந்தால் பழச்சுவை மறைந்து, கசப்பும் புளிப்பும் மட்டுமே மிஞ்சும்.

அதனால் 'கனத்த சுருட்டுக்குக் கனத்த ஒயின்' என்ற பழக்கமான அறிவுரையை நான் பாதிதான் ஏற்பேன். கனம் வேண்டும், துவர்ப்பு கூடாது. இத்தாலியின் பரோலோ எவ்வளவு மேன்மையான ஒயின்! ஆனால் இளம் பரோலோவின் துவர்ப்பும் புளிப்பும் லிஹெரோ நிறைந்த சுருட்டோடு மோதும், இரண்டுமே வீணாகும். அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையடிவாரத்து மெண்டோசாவில் விளையும் மால்பெக் இதைவிடப் பொருந்தும். 1853இல் பிரான்சிலிருந்து அங்கே போன திராட்சை அது. நல்ல வெயிலில் பழுத்து, மென்மையான டானினோடு வருகிறது. வெரோனாவுக்கு அருகில் செய்யும் அமரோனேயும் நல்ல துணை. திராட்சையை மாதக்கணக்கில் உலரவிட்டுப் பிறகு பிழிவதால் அதில் உலர்பழத்தின் செறிவு இருக்கும்.

ஆனாலும் என் வாக்கு போர்ட்டுக்கே. போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில், 1756இல் எல்லை வகுத்த பகுதியில், சாறு பாதி நொதித்திருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் மடிகிறது, மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். டானி என்ற வகையை மரப் பீப்பாயில் 10, 20 ஆண்டுகள் வைக்கும்போது டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து அடியில் படிகின்றன; சிவப்பு வெளிறிச் செம்பழுப்பாகிறது. துவர்ப்பு தணிந்து, இனிப்பும் அத்திப்பழமும் வறுத்த கொட்டையும் கூடிய சுவை வருகிறது. சுருட்டு உலர்த்திய வாயை அந்த இனிப்பு மீண்டும் ஊறவைக்கும்.

இவ்வளவு வேதியியல் சொன்னவன் அடுத்ததையும் சொல்ல வேண்டும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டு வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் தரும். ஆல்கஹால் வாயின் உட்தோலை நெகிழவைத்து, புகையின் நச்சுகள் ஊடுருவ வழி செய்கிறது. அதனால் இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டலாக நிற்காமல் பெருக்கலாகிறது. இந்தச் சேர்க்கையை எத்தனை வியந்து எழுதினாலும் இது மாறாது.

பழகியவர்கள் வயிறு காலியாக இருக்கும்போது காரச் சுருட்டைத் தொடுவதில்லை. தலைசுற்றலும் குமட்டலும் நிக்கோட்டின் மிகுந்துவிட்டதன் அடையாளம். ஒயினை முதலில் தனியாக ஒரு மிடறு சுவைத்துவிடுகிறார்கள். புகை ஏறிய பின் அதன் நுண்மணங்கள் கிடைக்காது. சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், அதுவரை வந்த புகையின் எண்ணெயும் ஈரமும் இலையில் தேங்கியிருப்பதால், காரம் சட்டென்று கூடும். மால்பெக் அந்த இடத்தில் தோற்றுவிடும். டானி போர்ட் தாக்குப்பிடிக்கும். அங்கேயே சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் சாய்த்துவைத்தால் சில நிமிடங்களில் தானாக அணையும். நசுக்கி அணைத்தால் எழும் நாற்றம், கோப்பையில் மிச்சமிருக்கும் ஒயினின் மணத்தையும் கெடுத்துவிடும்.