மௌனம் எப்பொழுது சம்மதமாகும்?

 



நிகாஹ் மஜ்லிஸ்களில் நாம் அனைவரும் காணும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மண்டபத்தில் உறவினர் நிறைந்திருப்பர். பிரியாணி தம்மில் இருக்கும். இமாம் குத்பா ஓத ஆயத்தமாக அமர்ந்திருப்பார். அவ்வேளையில் வக்கீலும் இரு சாட்சிகளும் ஜமாஅத் தஃப்தரை எடுத்துக்கொண்டு மணப்பெண் இருக்கும் அறைக்குச் செல்வர். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு உன்னை நிகாஹ் செய்து கொடுக்கச் சம்மதமா எனக் கேட்பர். பெண் தலை குனிந்திருப்பாள். அருகில் இருக்கும் பெண்கள், "சரி என்று சொல்லம்மா" என்பர். கையெழுத்து வாங்கப்படும். வந்தவர்கள் திரும்பிச் சென்று, இத்ன் வாங்கியாயிற்று என அறிவிப்பர்.

இது முறையான நடைமுறையே. ஆனால் அந்தப் பெண்ணிடம் அவளுடைய விருப்பம் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை என்றால், மார்க்கம் சொல்லும் சம்மதம் அங்கே கேட்கப்பட்டதாகுமா? மறுக்க வழியே இல்லாத நேரத்தில் கேட்கப்படும் கேள்வி, கேள்வியாகுமா? இதனைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

சொல்லின் பொருள்

சம்மதம் என்பதற்கு இசைவு, உடன்பாடு, ஒப்புதல் எனத் தமிழில் பல சொற்கள் உள்ளன. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே இவற்றினும் ஆழமான சொல் ஒன்று வழங்கி வருகின்றது. அதுதான் 'பொருத்தம்'. அரபியில் இதனை 'ரிளா' என்பர். ஸஹாபாக்களின் பெயரை அடுத்து (ரலி) என எழுதுகின்றோமே, அதில் இருப்பதும் இச்சொல்லே. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக என்பது அதன் கருத்தாகும். நாம் தொழுவதும் நோன்பு நோற்பதும் அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடியே. ஆகவே பொருத்தம் என்பது உதட்டின் அசைவன்று, உள்ளத்தின் நிறைவு.

இதே வேர்ச்சொல்லைத் திருக்குர்ஆன் மனிதர்களின் கொடுக்கல் வாங்கலிலும் பயன்படுத்துகின்றது. இரு தரப்பாரும் பொருந்திக் கொண்ட வணிகத்தின் மூலமே அன்றி ஒருவர் பொருளை மற்றவர் உண்ணலாகாது எனக் கட்டளையிடுகின்றது (4:29). தலாக் சொல்லப்பட்ட பெண்கள் இத்தா முடிந்த பின், முறைப்படி ஒருவரையொருவர் பொருந்திக் கொண்டு தம் கணவர்களை மணக்க நாடினால் அதனைத் தடுக்கலாகாது என்கின்றது (2:232). அடுத்த வசனத்தில், குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடத் தாய் தந்தை இருவரும் பொருந்தி, கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என உணர்த்துகின்றது (2:233). பால்குடி மறக்கடிக்கவே இருவருடைய பொருத்தமும் வேண்டும் என்றால், வாழ்நாள் முழுவதும் நீளும் உறவுக்கு எத்தகைய பொருத்தம் வேண்டும்! பெண்களைப் பலவந்தமாக உரிமையாக்கிக் கொள்வது ஆகாது என இறைவன் தெளிவாகவே தடுத்துவிட்டான் (4:19).

நிகாஹ் பற்றிய நபிமொழியில் இரு சொற்கள் வருகின்றன. முன்னர் மணமாகித் துணையை இழந்த பெண்ணைப் பற்றிக் கூறும்போது 'இஸ்திஃமார்' என்ற கருத்தில் வரும் சொல் உள்ளது. இது 'அம்ர்', அதாவது கட்டளை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அவளுடைய கட்டளையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது பொருள். கன்னிப் பெண்ணைப் பற்றிக் கூறும்போது 'இத்ன்', அதாவது அனுமதி கேட்டல் என்ற சொல் வருகின்றது. இரண்டிலும் கேட்பவர் வலீ. முடிவு சொல்பவள் பெண். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான நபிமொழி இது.

நபிகளாரின் தீர்ப்புகள்

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி முன்பு மணமாகியிருந்தவர். அவருக்கு விருப்பமில்லாத ஒருவருக்கு அவருடைய தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அந்த நிகாஹை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

மற்றோர் இளம்பெண் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். தம் தந்தை தம் அந்தஸ்தை உயர்த்திக் கொள்ளும் பொருட்டு, சகோதரர் மகனுக்குத் தம்மை மணமுடித்துவிட்டார் என்றும் தமக்கு அதில் விருப்பமில்லை என்றும் கூறினார். நபி (ஸல்) அவர்கள் தந்தையை வரவழைத்து, முடிவைப் பெண்ணின் கையில் ஒப்படைத்தார்கள். அப்பொழுது அப்பெண், தந்தை செய்ததைத் தாம் ஏற்றுக் கொள்வதாகவும், இவ்விஷயத்தில் பெண்களுக்கு உரிமை உண்டா என்பதை அறியவே வந்ததாகவும் கூறினார். இதனை நஸாயீ பதிவு செய்துள்ளார்கள். கேட்ட பின் அந்தப் பெண் சம்மதித்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளிடம் கேட்டால் மறுத்துவிடுவார்களே என அஞ்சும் பெற்றோருக்கு இதில் பாடம் இருக்கின்றது.

பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவர், கணவர் முகீஸ் (ரலி) அவர்களை விட்டுப் பிரியும் உரிமையைப் பயன்படுத்தினார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதபடி அவர் பின்னே சென்றார். இரக்கமுற்ற நபி (ஸல்) அவர்கள், திரும்பச் சேர்ந்து வாழலாமே என்றார்கள். இது தங்கள் கட்டளையா எனப் பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என நபியவர்கள் பதிலளித்தார்கள். அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை எனப் பரீரா கூறிவிட்டார். அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையே ஒரு பெண்ணின் மனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வாறிருக்க, நம் பெரியத்தாவின் கோபமும் மாமாவின் பிடிவாதமும் எம்மாத்திரம்?

மௌனத்திற்குரிய நிபந்தனைகள்

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது நம் ஊர் வழக்கு. கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபொழுது, அவளுடைய மௌனமே அவளுடைய அனுமதி என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வெட்கத்தின் காரணமாக வாய் திறக்க இயலாதவளுக்கு அளிக்கப்பட்ட சலுகை அது. அச்சத்தால் வாயடைத்துப் போனவளின் விருப்பத்தை மறைப்பதற்கு அளிக்கப்பட்ட திரை அன்று.

சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் வாழும் ராவுத்தர்களிலும் உருது பேசும் மக்களிலும் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள பெண்ணை, அவள் கன்னியாயினும், தந்தையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அம்மத்ஹபின் சட்டம். கடற்கரை ஊர்களில் பரவியுள்ள ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைக்கும் பாட்டனாருக்கும் கன்னிப் பெண் விஷயத்தில் தனி அதிகாரம் கூறப்பட்டுள்ளது. எனினும் தந்தைக்கும் மகளுக்கும் பகை இருக்கலாகாது, மணமகன் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அங்கும் உண்டு. மகளிடம் கேட்பது சுன்னத்து எனவும் கூறப்பட்டுள்ளது.

ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா, மௌனத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்கின்றது எனப் பாருங்கள். கேட்பவர் வலீயாகவோ அவர் அனுப்பிய தூதராகவோ இருந்தால் மட்டுமே கன்னிப் பெண்ணின் மௌனம் அனுமதியாகும். உரிமையில்லாத வேறொருவர் கேட்டால் அவள் வாய்திறந்து சொல்ல வேண்டும். மணமகன் யாரென அவளுக்குத் தெரியும்படி பெயர் குறிப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். முன்பு மணமானவளுக்கோ மௌனம் போதாது, வாய்மொழியே வேண்டும். சிரிப்பும் அழுகையும்கூட எடைபோடப்படுகின்றன. கேலியாகச் சிரித்தால் அது சம்மதமன்று. குரலெடுத்து அழுதால் அது மறுப்பு. பெண்ணின் முகக்குறிப்பைக்கூட இவ்வளவு உற்று நோக்கிய முன்னோர் வழிவந்த நாம், தஃப்தரில் விழுந்த கையெழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையலாமா?

கேட்பதற்குரிய நேரம்

மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் கொடுத்து, நகை வாங்கிய பின் கேட்கப்படும் கேள்விக்கு 'இல்லை' எனும் பதில் வருவது அரிது. மறுத்தால் அத்தாவின் மானம் போகும், தங்கைக்கு வரன் அமையாது, அம்மாவுக்கு நெஞ்சுவலி வரும் என்ற பாரமெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறியிருக்கும். ஆகவே கேட்கும் நேரம், பேசி முடிப்பதற்கு முன்பே. லாரித் தொழிலிலோ கோழிப்பண்ணையிலோ கூட்டாளிகளாக உள்ள இரு குடும்பத்தார், தொழிலுறவு நிலைக்க வேண்டும் எனச் சம்பந்தம் பேசுவதுண்டு. சொத்து வெளியே போகக் கூடாது என மாமன் மகளையே முடிப்பதும் உண்டு. சொந்தத்தில் முடிப்பது குற்றமன்று. மணமக்களைக் கேளாது முடிப்பதே குற்றம்.

பெண்ணைப் பார்த்துக் கொள்ளுமாறு முகீரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியதும், இருவரிடையே இணக்கம் நிலைக்கும் என்பதற்காகவே. அறியாத ஒன்றைப் பொருந்திக் கொள்ள முடியாது. 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்ற வழக்கு இங்கேதான் கேடு விளைவிக்கின்றது. எஞ்சின் பழுதை மறைத்து லாரியை விற்றால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்கின்றது மார்க்கம். மணமகனின் நோயை, கடனை, குடிப்பழக்கத்தை, முந்தைய மணத்தை மறைத்துப் பெற்ற சம்மதத்தை மட்டும் தூய சம்மதம் எனச் சொல்ல நாக்கூசாதா?

நாட்டுச் சட்டம் கூறுவது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், இருவரும் ஒரே விஷயத்தை ஒரே கருத்தில் ஒப்புக் கொள்வதே சம்மதம் என வரையறுக்கின்றது. அச்சத்தாலும் தவறான புரிதலாலும் பெறப்பட்டது என்பதைச் செயல் புரிந்தவர் அறிந்திருந்தால் அது சம்மதமாகாது எனக் குற்றவியல் சட்டம் கூறுகின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவிலும் இவ்விதி தொடர்கின்றது.

முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. 15 வயது நிறையுமுன் தந்தையோ பிற பாதுகாவலரோ மணமுடித்து வைத்த பெண், இல்லறம் தொடங்கியிராவிட்டால், 18 வயது நிறையுமுன் அந்த மணத்தை நிராகரித்து ரத்துக் கோரலாம் என அது உரிமை அளித்தது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் குழந்தைத் திருமணங்கள் தடுத்து நிறுத்தப்படும் செய்திகளை நாளிதழ்களில் காண்கின்றோம். இது ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. ஆயினும் நம் மஹல்லாவில் அது நிகழாமல் காப்பது நம் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் மௌனத்தைச் சம்மதம் என எவர் சொல்ல முடியும்? இத்தகைய ஏற்பாடு தெரியவந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தகவல் தரலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! வரன் வந்த உடனேயே மகளிடம் தனிமையில் பேசுங்கள். மணமகனின் பெயர், படிப்பு, தொழில், குடும்பம் ஆகியவற்றை உள்ளபடி சொல்லுங்கள். சிந்திக்கவும் இஸ்திகாரா தொழவும் சில நாட்கள் கொடுங்கள். வேண்டாம் என்றால் உன்மீது கோபம் கொள்ள மாட்டேன் என அத்தாவின் வாயிலிருந்தே அவள் கேட்க வேண்டும். மகனிடமும் அவ்வாறே கேளுங்கள். அம்மாவின் கண்ணீருக்காகத் தலையாட்டிய மகன், பின்னர் அந்தப் பாரத்தை வீட்டுக்கு வந்த பெண்ணின் தலையில் இறக்கி வைப்பதைக் காண்கின்றோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிகாஹ் நாளுக்குச் சில தினங்கள் முன்பாகவே, பெண்ணின் தாயோ நம்பிக்கைக்குரிய ஆலிமாவோ தனியே கேட்டறியும் வழக்கத்தை உங்கள் மஹல்லாவில் ஏற்படுத்துங்கள். வயதுச் சான்றைப் பார்த்த பின்னரே தஃப்தரைத் திறங்கள். நிகாஹ் நாளில் வக்கீல் செல்லும்பொழுது, சுற்றியுள்ளோர் பதில் சொல்லிக் கொடாமல், பெண் தானே விடை கூற வழி விடுங்கள்.

பிள்ளைகளே! உங்களுக்குச் சொல்லும் உரிமை உண்டு. பெற்றோரின் அனுபவத்தையும் ஆலோசனையையும் மதியுங்கள். விருப்பமில்லையெனில் காரணத்தைப் பணிவுடன், காலத்தோடு கூறிவிடுங்கள். மண்டப வாசலில் எடுக்கும் முடிவைவிட வீட்டுத் திண்ணையில் சொல்லும் வார்த்தை இரு குடும்பத்துக்கும் நன்மையானது.

திருக்குர்ஆன் நிகாஹைப் பலமான உடன்படிக்கை என வர்ணிக்கின்றது (4:21). உடன்படாதவரிடமிருந்து பெறப்பட்டது உடன்படிக்கையாகாது.

நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் உளமாரப் பொருந்திக் கொள்ளும் இல்லறங்களை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் ஆக்கியருள்வானாக! அவர்களையும் நம்மையும் அவன் பொருந்திக் கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.