எடுத்தாயிற்று, வைத்திருக்கிறீர்களா?

போலீஸ் எழுதும் மகஜரில் சாட்சிகளாக இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். விசாரணை நாளன்று அவர்களில் ஒருவர் கூண்டில் ஏறி, "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், வேறொன்றும் தெரியாது" என்பார். பிறழ்சாட்சி! நம் கோர்ட்டுகளுக்குப் பழகிப்போன காட்சி இது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கையெழுத்தோடு செல்போனும் சாட்சிக்கு வந்துவிட்டது. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்திடுவது என எல்லாம் வீடியோவாகி, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு.

தடயப் படம் எடுப்பதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. கொலை நடந்த அறை என்றால் முதலில் மூலைக்கு மூலை நின்று அறை முழுவதும். அடுத்து கட்டிலும் கத்தியும் சேர்ந்து தெரிகிற மாதிரி. எது எவ்வளவு தள்ளிக் கிடந்தது என்பது அதில்தான் புரியும். பிறகு கத்தி மட்டும்: கிடந்தபடி ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. லென்ஸ் நேர் மேலே இருக்கவேண்டும், சாய்ந்தால் அளவு கெட்டுவிடும். மண்ணில் பதிந்த செருப்புத் தடத்துக்கு ஃபிளாஷைத் தரையை ஒட்டிப் பிடிப்பார்கள். நிழல் விழுந்தால்தான் வரிகள் எழும்பித் தெரியும். மங்கிப்போன படத்தையும் அழிக்கக்கூடாது. 41க்கு அடுத்து 43 என்றிருந்தால், குறுக்கு விசாரணையில் "42 எங்கே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எடுப்பதைவிடப் பெரிய பாடு, எடுத்ததைக் காப்பது. மூலக் கருவியையே கொண்டுவந்து நிரூபிக்காமல் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. புதிய சாட்சியச் சட்டத்தில் அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதி: கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்று, நிபுணர் ஒன்று. இரண்டிலும் கோப்பின் 'ஹாஷ்' எண் வேண்டும். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, கோப்பே இல்லையென்றால்? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட், அங்கிருந்த கண்காணிப்பு கேமராவின் ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடமிருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைத்திருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த வழக்கில் இப்படி!

அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து 18 மாதப் பதிவைக் காக்கவேண்டும், வசதியில்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். மேற்பார்வைக்கு மாநில, மாவட்டக் குழுக்களும் உண்டு. ஆனால் கேமரா ஓடுகிறதா, பதிவாகிறதா என்று அன்றாடம் பார்க்கும் பொறுப்பு, அந்தந்த ஸ்டேஷன் அதிகாரியிடமே இருக்கிறது.