வாசகனுக்கும் ஒரு பங்கு

ஒரு நாவலை வாசித்து முடித்ததும் நன்றாயிருக்கிறதென்றோ நன்றாயில்லையென்றோ சொல்லிவிடுவது எளிது. ஏன் என்று பக்கத்திலிருப்பவர் கேட்கும்போதுதான் நம்மிற் பலர் தடுமாறுகின்றோம். திறனாய்வாளருக்குக் கோட்பாடுகள் கைகொடுக்கும். சாதாரண வாசகனுக்கோ தன் மனத்தையன்றி வேறு துணையில்லை. கடந்த சில மாதங்களில் நான் வாசித்தனவும் மீண்டும் வாசித்தனவுமான ஐந்து தமிழ் நாவல்களைப் பற்றி, அந்த ஒரே துணையைக் கொண்டு சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். ஐந்தும் பழைய நாவல்களே. ஆயினும், நூலகங்களிலும் வீட்டு அலுமாரிகளிலும் இன்றும் கைக்கெட்டுவன. அவற்றுள் இரண்டு எனக்கு ஏமாற்றமளித்தன. இரண்டு நிறைந்த இன்பம் தந்தன. ஒன்று இரண்டுக்கும் இடையில் நிற்கின்றது. ஏமாற்றமளித்த இரண்டும் பெரும்புகழ் பெற்றவை என்பதால் அன்பர் சிலர் என்மீது சினங்கொள்ளவுங்கூடும். அவர்கள் இறுதிவரை வாசித்துவிட்டுச் சினங்கொள்வார்களாக!

புகழ்பெற்ற இரண்டு

டாக்டர் மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்ற நாவல். சந்திரன், வேலய்யன் என்னும் இரு நண்பர்களின் கதை அது. சந்திரன் அழகும் கூரிய அறிவும் வாய்த்தவன். வேலய்யனுக்கு அத்துணைத் திறமையில்லை. ஆனால் அடக்கமும் நிதானமும் உண்டு. சந்திரன் நெறி தவறி, நோயுற்று அழிகின்றான். வேலய்யன் அகல் விளக்கைப்போல அமைதியாக நின்று ஒளிதருகின்றான்.

மு. வ. அவர்களின் தமிழைப் பற்றிக் குறைகூற எவருக்கும் இயலாது. தெளிந்த நீர்போல் ஓடும் நடை அது. தமிழகத்தைப் போலவே இலங்கையிலும் எத்தனையோ இளைஞர்களை வாசிக்கப் பழக்கிய நடை. இருந்தும் நாவலை மூடிவைத்தபோது என் மனத்தில் ஒரு வெறுமையே மிஞ்சியது. கதையைச் சொல்பவன் வேலய்யன் ஆதலால், சந்திரனை நாம் எப்போதும் வெளியில் நின்றே பார்க்கின்றோம். அவன் வழுக்கி விழும் ஒவ்வோர் இடத்திலும் அவனுடைய நெஞ்சுக்குள் என்ன நிகழ்ந்தது என்று அறிய ஆவல் கொண்டேன். எனக்குக் கிடைத்ததோ அவனைப் பற்றிய தீர்ப்பு. எவன் வாழ்வான், எவன் வீழ்வான் என்பதை நூலின் பெயரே நமக்கு உணர்த்திவிடுகின்றது. வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டபின் நீதிமன்றத்துக்குள் நுழைந்தவனின் நிலைதான் எனது நிலை.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ வேறுவகையான ஏமாற்றம். ‘கல்கி’ வார இதழில் ‘மணிவண்ணன்’ என்னும் புனைபெயரில் அவர் தொடராக எழுதிய இந்நாவலின் பூரணியும் அரவிந்தனும் அன்றைய வாசகர் உள்ளங்களைக் கொள்ளை கொண்டவர்கள். தம் பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சூட்டிய பெற்றோர் பலர். தந்தையை இழந்த பூரணி, தம்பி தங்கையரைச் சுமந்துகொண்டு தலைநிமிர்ந்து நிற்கும் தொடக்கப் பகுதி என்னையும் கவர்ந்தது. அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வாள் என்ற கவலை எனக்கும் பிறந்தது. ஆனால் கதை வளர வளர, அவள் பெண்ணாயிருப்பதை விட்டுச் சிலையாகிக்கொண்டே போகின்றாள். அரவிந்தனும் அவ்வாறே. இருவரும் பேசும்போது இலக்கியம் மணக்கின்றது, இலட்சியம் ஒளிர்கின்றது. எனினும் களைத்து வீடு திரும்பிய ஒருவன் காரணமில்லாமல் எரிந்து விழுவதைப்போன்ற ஒரு சிறு பலவீனத்தை அரவிந்தனிடம் தேடித் தேடிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. அதனாற்போலும், அவன் இறந்தபோது தலைவணங்கத் தோன்றியதேயன்றி அழத் தோன்றவில்லை.

பனையும் ஒரு பெண்ணும்

இவ்விரண்டையும் அடுத்து நான் கையிலெடுத்தது ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வெளிவந்த சிறிய நாவல் இது. ஆசிரியை திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தமிழகத்தின் தென்கோடியில், பனையை நம்பி வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதையைச் சொல்கின்றார். பனையோடு வளர்ந்த யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

புத்தம் வீடு என்பது முன்னொரு காலத்திற் செழித்திருந்து நொடித்துப்போன ஒரு பெரிய வீடு. செல்வம் போய்விட்டது, பெருமை மட்டும் போகவில்லை. அவ்வீட்டுப் பேத்தி லிஸி வாசிப்பில் ஆசையுள்ளவள். அவள் வளர்ந்ததும், குடும்பத்தின் கௌரவத்தைக் கருதிப் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் இருத்திவிடுகின்றார்கள். அவள் மனம் பனையேறியின் மகனான தங்கராஜிடம் செல்கின்றது. இடையிலே ஒரு கொலையும், அதனால் எழும் பழியும் அவர்கள் வாழ்வைக் குலைக்கின்றன. இவ்வளவையும் ஆசிரியை குரலை உயர்த்தாமலே கூறுகின்றார். யாரையும் அவர் பழிப்பதுமில்லை. யாருக்கும் மாலை சூட்டுவதுமில்லை.

லிஸியின் பாட்டனார் கண்ணப்பச்சி அவள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவளைச் சிறைவைக்கும் வீட்டின் தலைவரும் அவரே. அன்பும் கொடுமையும் ஒரே மடியில் உறங்குவதை இந்நாவல் காட்டுவதுபோல் வேறொரு நூல் எனக்குக் காட்டியதில்லை.

நான் வாசித்து வைத்த பிரதியை உயர்தர வகுப்பிற் படிக்கும் என் தமக்கையின் மகள் எடுத்துச் சென்றாள். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தவள், புத்தகத்தைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “மாமா, லிஸியைப் பள்ளிக்கூடத்தால மறிச்சவை ஒருத்தரும் கெட்ட ஆக்கள் இல்லைத்தானே? பிறகேன் அப்பிடிச் செய்தவை?” என்று கேட்டாள். அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு வெகுநேரம் நீண்டது. அவளுடைய பாட்டியாகிய என் தாயார், தம் காலத்திற் படிப்பை இடையில் நிறுத்திய பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அவர்களுள் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கை. அதுவரை அந்தக் கதையை எங்கள் வீட்டிற் பேசியவர் இல்லை.

‘அகல் விளக்கை’யும் அவள் முன்னரே வாசித்திருந்தாள். அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். “நல்ல கதை” என்றாள். அதற்குமேல் அவளுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளையும் அவற்றுக்குரிய விடைகளையும் ஆசிரியரே எழுதிவிட்டார் அல்லவா!

வன்னிக் காட்டிலே

எனக்கு இன்பமளித்த இரண்டாவது நாவல், நமது மண்ணிற் பிறந்த ‘நிலக்கிளி’. அ. பாலமனோகரன் எழுதி, 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்புப் பகுதியைக் களமாகக் கொண்டது. உயரப் பறக்காமல் நிலத்தையொட்டியே வாழும் பறவை நிலக்கிளி. கதைத் தலைவி பதஞ்சலியும் அத்தகையவளே. காட்டையும் வயலையும் தவிர வேறோர் உலகத்தை அறியாதவள். அவளை மணப்பதற்காகத் தன் தந்தையின் வசதியான வீட்டைத் துறந்து வருகின்றான் கதிராமன். இருவரும் தம் கையுழைப்பால் ஒரு வாழ்வைக் கட்டியெழுப்புகின்றார்கள். அந்த வாழ்வுக்குள்ளே, ஊருக்குப் படிப்பிக்க வந்த ஆசிரியர் சுந்தரலிங்கம் நுழைகின்றார்.

சுந்தரலிங்கத்தை வஞ்சகனாகப் படைத்திருந்தால் கதை மிக எளிதாக முடிந்திருக்கும். அவனை வெறுத்துவிட்டு நாமும் நிம்மதியாக உறங்கியிருப்போம். பாலமனோகரன் அந்த எளிய வழியை நாடவில்லை. மூவரும் நல்லவர்களே, மூவரும் ஒருவர்மீதொருவர் மதிப்பும் பரிவும் உடையவர்களே. ஆயினும் துன்பம் வந்து சேர்கின்றது. அதனைக் கதிராமன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பதை இங்கே கூறி, இனிமேல் வாசிக்கப் போகின்றவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. அவன் செய்தது சரியா என்று நானும் என் நண்பரொருவரும் இரண்டு மாலைகள் வாதிட்டோம். நாவலாசிரியர் எங்களில் எவருடைய கட்சியிலும் சேரவில்லை.

வன்னியின் நிலமும் நீரும் தொழிலும் இந்நாவலில் வெறும் திரைச்சீலையாகத் தொங்கவில்லை. காட்டை அண்டி வாழும் மனிதன் எப்போது எழுவான், எதற்கு அஞ்சுவான், எதிற் பெருமை கொள்வான் என்பதெல்லாம் தெரிந்துவிடுவதால், அவனுடைய அன்பின் விலையும் நமக்குத் தெரிந்துவிடுகின்றது. தந்தையின் வீட்டை விட்டு வந்தவன் எதையெல்லாம் இழந்து வந்தான் என்பதை விளங்கிக்கொள்கின்றோம். விலை தெரிந்தபின்னரே தியாகம் நம் கண்ணை நனைக்கின்றது.

உப்பளத்தில் ஒரு தயக்கம்

அப்படியாயின், தொழிலையும் நிலத்தையும் நன்கு அறிந்து எழுதிவிட்டாற் போதுமா என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலைக் கூறுவேன். 1979இல் வெளிவந்த இந்நாவல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. எழுதப் புகுமுன் களத்துக்கே சென்று மக்களோடு பழகித் தெரிந்துகொள்வது இவ்வாசிரியையின் வழக்கம். அந்த உழைப்புப் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றது. உச்சி வெயிலில் வெள்ளை உப்பிற்பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுப்பதும், கரிப்பு நீரிற் கால்கள் வெடிப்பதும், பெண்களின் உழைப்புக்கு மதிப்புக் குறைவதும் வாசிப்பவரின் உடலிலேயே உறைக்கின்றன. நாம் நாள்தோறும் உலையிலும் கறியிலும் இடும் உப்பை அதன்பின் அலட்சியமாக அள்ள மனம் வராது.

ஆனால் உப்பளத்தில் வேலைக்குச் செல்லும் பொன்னாச்சி என்ற பெண்ணைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டாகின்றது. அவளை நான் எங்கே தனியாகச் சந்தித்தேன் என்று எண்ணிப்பார்க்கின்றேன். அவள் பட்ட துன்பங்கள் நினைவிருக்கின்றன. அவள் முகம் மங்கலாகவே இருக்கின்றது. நாவலின் பல பகுதிகளில், ஒரு பெண்ணின் கதையினும் ஒரு தொழிலின் நிலைமையை விளக்குவதிலேயே ஆசிரியையின் கவனம் சாய்ந்துவிட்டது. அவருடைய அறச்சீற்றம் நியாயமானது. நானும் அதிற் பங்குகொள்கின்றேன். எனினும் லிஸியைப்போலப் பொன்னாச்சி என் வீட்டுக்கு வந்து தங்கவில்லை. ஆகவே இதனை மதிப்போடு பாராட்டுகின்றேன்; முழு மனத்தோடு மகிழ்ந்தேன் என்று சொல்ல இயலவில்லை.

பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

இவ்வைந்து நூல்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நல்லவர் யார், தீயவர் யார் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டால், வாசகன் செய்வதற்கு ஒன்றுமில்லாமற் போய்விடுகின்றது. நல்லவர்களும் ஒருவரையொருவர் நோகச்செய்யக்கூடும் என்பதைக் காட்டிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளும்போது, எண்ணிப்பார்க்கும் பொறுப்பு வாசகனுக்கு வந்து சேர்கின்றது. கதையிலே நமக்கும் ஒரு பங்கு கிடைக்கின்றது. அந்தப் பங்கே நாவல் தரும் இன்பம் என்று நான் கருதுகின்றேன்.

பரிசளிப்பு விழாக்களுக்கும் பிறந்த நாள்களுக்கும் புத்தகம் தெரிவு செய்யும்போது, பிள்ளைகளுக்கு நல்ல புத்தி சொல்லும் நூலையே நாம் தேடுகின்றோம். அந்த நோக்கம் தூயது. ஆயினும் நம் பிள்ளைகள் வாழப்போகும் வாழ்க்கையில், கெட்டவர்கள் நெற்றியில் அடையாளம் எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். அவர்களுக்கு நேரும் இடர்களிற் பல, அவர்களை நேசிப்பவர்களாலேயே, நல்லெண்ணத்தோடு இழைக்கப்படலாம். நாளை அவர்கள் பெற்றோரானபின் அதே இடரைத் தாமே இழைக்கவும் கூடும். அதை அடையாளங் காண்பதற்கு அறிவுரை நூல்கள் பழக்குவதில்லை. லிஸியின் வீட்டுக்குள் சில நாள் இருந்து வந்த பிள்ளைக்கு அது ஓரளவேனும் பழகியிருக்கும்.

இதனால் மு. வ. வையும் நா. பா. வையும் ஒதுக்கிவிடுங்கள் என்று கூறினேனில்லை. தமிழை இனிதாக எழுதக் கற்க விரும்பும் மாணவன் ‘அகல் விளக்கை’ வாசிக்கட்டும். உயர்ந்த இலட்சியத்தைக் கனவுகாணும் வயதிலுள்ளவர்கள் பூரணியையும் அரவிந்தனையும் அறிந்துகொள்ளட்டும். அவற்றோடு ‘புத்தம் வீட்டை’யும் ‘நிலக்கிளி’யையும் பக்கத்தில் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரே நூலை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரும் சிறியவர் ஒருவரும் ஒரே மாதத்தில் வாசித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றிப் பேசிப்பாருங்கள். அப்பேச்சில் யாராவது ஒருவர், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், அந்த நாவல் நல்ல நாவலே.

‘புத்தம் வீடு’ இப்பொழுது என் அலுமாரியில் இல்லை. என் தாயார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்துப் பக்கமாக வாசித்துக்கொண்டிருக்கின்றார். அவர் முடித்ததும் அடுத்துக் கேட்டிருப்பவர் என் அயல்வீட்டு அம்மையார். நிலக்கிளியைக் கேட்பவர்களுக்கு என் பிரதியைத் தரத் தடையில்லை. திருப்பித் தந்தாற் போதும்!